கண்ட்ரோல் புட்டியில் என் ரத்தம்

எங்கள் சோதனைக்கூடத்தில் பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். கண்ணாடிக் குழாயின் ஒரு முனை புட்டிக்குள், மறு முனை உதட்டில். கோடு வரை இழுத்துச் சட்டென்று விரலால் மூட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நான் முதல் நாள் கற்றுக்கொண்டது அதுதான். அப்படி நான் இழுத்தது மனித செல்லின் குரோமோசோம்களை உடைக்கக்கூடிய ஒரு ரசாயனம். உடைக்கும் என்று நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சியே. தெரிந்தும் வாயால் இழுத்தேன். என்னைப் போல் படித்த முட்டாளை நான் பார்த்ததில்லை.

இரண்டு தடவை வாய்க்குள் வந்துவிட்டது. துப்பிவிட்டு, குழாயடியில் கொப்பளித்துவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தேன்.

ரத்தமும் என்னுடையதுதான். அடிக்கடி ஊசி குத்திக்கொள்ள வேறு யார் வருவார்கள்? என் கையிலிருந்து எடுத்து, சின்னப் புட்டிகளில் பிரித்து, உடம்புச் சூட்டில் மூன்று நாள் செல்களை வளர்ப்பேன். சில புட்டிகளில் ரசாயனம் சேர்ப்பேன். ஒன்றில் மட்டும் சேர்க்க மாட்டேன். அதுதான் கண்ட்ரோல். மற்றவற்றை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிறகு செல்களை ஸ்லைடில் விட்டுச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் உடைசல்களை எண்ண வேண்டும். ரசாயனம் சேர்த்தவற்றைத்தான் முதலில் எண்ணினேன். ஒன்றும் இருக்காது என்று தெரிந்த ஸ்லைடை யார் முதலில் பார்ப்பார்கள்? கண்ட்ரோல் ஸ்லைடுகள் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தன.

அவற்றை வெளியே எடுத்தபோது எனக்கு மூன்றாம் மாதம். நாலாவது செல்லிலேயே ஒரு உடைசல். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருந்தது. சாயங்காலம் வரை எண்ணினேன். எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. அந்தப் புட்டியில் நான் ரசாயனம் சேர்க்கவில்லை; வாய் வழியாக என் ரத்தத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரத்த செல்லில் உடைந்தால் குழந்தையிடமும் உடைந்திருக்கும் என்று அர்த்தமில்லை; அந்தப் பாடம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பயம் பாடம் கேட்பதில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கண்ட்ரோல்ல இவ்வளவு வரக்கூடாதேம்மா. புட்டி சரியா கழுவலையோ என்னவோ. வேற யார் ரத்தத்துலயாவது முழுசா மறுபடி பண்ணிடுங்க."

நான் உண்டாகியிருப்பது அவருக்குத் தெரியாது. சொன்னால் இத்தனை வருட வேலை அன்றோடு நின்றுவிடும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்திலோ மாமியார் ஏற்கெனவே கெடு வைத்திருந்தார்.

"கொழந்தை பொறக்கற வரைக்கும் போயிட்டு வா. அப்புறம் படிச்சது போறும்."

அவரிடம் உண்மையைச் சொன்னால் அந்தக் கெடுவும் போய்விடும். ஆகவே வயிற்றில் பிள்ளையோடு அதே ரசாயனப் புட்டியை மறுபடி திறக்க வேண்டும், பிரசவத்துக்குள் முடிக்க வேண்டும். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். எங்கே நடப்பது? அந்தக் கரையில் மாமியார், இந்தக் கரையில் புட்டி. வேதியியல் துறையில் கெஞ்சி, பிப்பெட்டின் முனையில் மாட்டி உறிஞ்சும் ரப்பர் பல்பு ஒன்று வாங்கி வந்து, வாய்க்குப் பதிலாக அதனால் இழுத்தேன். "என்னம்மா, திடீர்னு பயம்?" என்று பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ரத்தத்துக்கு என் கணவரைக் கேட்டேன்.

"ஏன், உன் ரத்தத்துக்கு என்ன ஆச்சு?"

"மசக்கையில ரத்தம் கொறைஞ்சிருக்காம். எடுக்கப்படாதாம்."

உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆராய்ச்சியே தன் ரத்தத்தில்தான் நடக்கிறது என்று தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். அவருடைய கண்ட்ரோல் ஸ்லைடுகளில் குரோமோசோம்கள் முழுசு முழுசாக இருந்தன. பார்க்க அத்தனை அழகு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வயிறு வெளியே தெரிவதற்குள் புட்டி வேலை முடிந்துவிட்டது; மிச்சம் மைக்ரோஸ்கோப்தான். ஒன்பதாம் மாதத்தில் எண்ணி முடித்தேன். ஆய்வேட்டில் கண்ட்ரோல் யார் என்ற இடத்தில், ரசாயனத் தொடர்பு இல்லாத ஆரோக்கியமான ஆண் என்று எழுதினேன். என் ஸ்லைடுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பெண் குழந்தை. விரல்களை மூன்று முறை எண்ணினேன். சரியாக இருந்தன. ஆனால் உடைசல் விரலில் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? மாமியார் குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் பிள்ளை ரத்தம் அப்படியே வந்திருக்குடி. உன்னோடது ஒண்ணுகூட இல்லை."

நான் அழுதேன். மருமகளுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். பெருமாளே, அவர் சொன்னது நிஜமாக இருக்கட்டும், என்னுடையது ஒன்றுகூட அவளிடம் இருக்க வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.