முதுகு திருப்பும் பெஞ்சு

வினி ஹெல்லிவெல்லுக்குக் கிரிக்கெட் என்றாலே கொட்டாவி வரும். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆடுறாங்க, ஒருத்தனுக்காவது மூக்கு உடையுதா? அதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பாள். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் ரக்பிக்காரர்கள். கம்பளி மில்லில் வேலை முடிந்த கையோடு சனிக்கிழமை மதியம் ரக்பிக்கு ஓடிப் பழகியவள். வாய்த்த புருஷன் வில்பர்ட்டோ கிரிக்கெட் பைத்தியம். விதி யாரை விட்டது!

அவர்கள் ஊரான ஹேவர்லியில் கிரிக்கெட், ரக்பி மைதானங்கள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அந்தக் காலத்தில் மில் முதலாளியின் மேய்ச்சல் நிலம் ஏலத்துக்கு வந்தபோது கிரிக்கெட் கனவான்கள் வாங்கினார்கள். சமமான மேல் பாதியை வைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கும் கீழ்ப் பாதியை ரக்பிக்காரர்கள் தலையில் கட்டினார்கள். பிற்பாடு இரு பக்கமும் ஆட்டம் பார்க்கப் போட்டிருந்த மரக்கொட்டகைகள் எரிந்துபோயின. இருந்த வசதிக்கு ஒரே கட்டடம்தான் முடியும் என்றாகிவிட, இரு கோஷ்டியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே சேர்ந்து கட்டின. ஒரே கூரை, இரு பக்கமும் படிப்படியாக இறங்கும் இருக்கைகள். உச்சி வரிசை மட்டும் பொது. அங்கே டிராம் வண்டியில் இருப்பது போல முன்னும் பின்னும் தள்ளக்கூடிய முதுகுப் பலகை வைத்த பெஞ்சு. கோடையில் கிரிக்கெட்டைப் பார்க்கும், குளிரில் ரக்பியை.

உச்சி வரிசையில் ஓரத்து இடம் கோடையில் வில்பர்ட்டுக்கு, குளிரில் வினிக்கு. ஆயுசு முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒரு நாளும் சேர்ந்து உட்காரவில்லை.

"ஒரே ஒரு ஆட்டத்துக்கு வாயேன்யா" என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள்.

"அந்தச் சேத்துச் சண்டையைப் பாக்க நான் விறைச்சுச் சாகணுமா? நீ வேணா கோடையில வா."

"எதுக்கு, தூங்குறதுக்கா? அதுக்கு வீட்டுக் கட்டில் போதும்."

பிப்ரவரியில் வில்பர்ட் போய்விட்டான். இறந்தவர் இடம் வேண்டுமென்றால், கோடையின் முதல் ஆட்டத்துக்கு வீட்டார் ஒருவர் வந்து முடியும்வரை உட்கார வேண்டும். இல்லையேல் அது அடுத்தவருக்கு. கிளப்பின் பழைய வழக்கம் அது. விட்டுவிடுகிறேன் என்று வினி முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். செயலாளர் தேநீர் இடைவேளையில்தான் மேலே ஏறுவார் என்றார்கள். காத்திருந்தாள். கைப்பிடியில் வில்பர்ட்டின் புகையிலைச் சுங்கான் சுட்ட கறுப்புத் தழும்பு இருந்தது. குளிர்காலமெல்லாம் திட்டிக்கொண்டே தேய்த்த தழும்பு. இன்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

ஆட்டக்காரர்கள் தேநீருக்குப் போனார்கள். பக்கத்து இடத்துக்காரனும் வில்பர்ட்டின் கூட்டாளியுமான பெர்சி சட்கிளிஃப் எழுந்தான். "கொஞ்சம் எந்திரி, வினி." அவள் எழுந்ததும் முதுகுப் பலகையைத் தடாலென்று மறுபக்கம் தள்ளினான்.

"என்னய்யா பண்றே?"

"அட, பழக்கதோஷம்! டீக்கு விட்டா வில்பர்ட்டு இதைத்தானே செய்வான். அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துதான் சாண்ட்விச்சே எறங்கும்."

"காலி ரக்பி மைதானத்துல என்னய்யா இருக்கு?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'எங்க வினி பாக்குறதைப் பாக்குறேன். அவகிட்ட உளறிடாதே, அப்புறம் குளிர்காலத்துக்கும் இழுத்துட்டு வந்துடுவா'ன்னான்."

வினி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கீழே ஈரப்புல், இரண்டு கம்பங்கள், ஆளே இல்லை. அவன் வேண்டும் போலிருந்தது. இப்போதே, இங்கே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. வாய்விட்டு அழுதாள். பெர்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

செயலாளர் படியேறி வந்தார். "இடத்தை விட்டுடறதாச் சொன்னாங்களே, மிஸஸ் ஹெல்லிவெல்?"

"யார் சொன்னது?"

"நீங்கதான் சொல்லியனுப்பினீங்க..."

"ஆட்டம் முடியறவரைக்கும் உக்காரணும், அவ்வளவுதானே? உக்காந்துட்டாப் போச்சு."

மணி அடித்தது. வினி எழுந்து பலகையைக் கிரிக்கெட் பக்கம் தள்ளினாள். இன்னொருவர் உட்காரும் அளவு இடம் விட்டு ஓரமாக ஒண்டி உட்கார்ந்தாள்.

"பெர்சி, யாரு இப்ப ஜெயிக்கிறது? மொதல்லேருந்து சொல்லு."