எந்த வரி, சார்?

மல்லிகா டீச்சர் காலமான செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். கேட் திறப்பதற்குள் முப்பது இரங்கல்கள் சேர்ந்துவிட்டன. முப்பதும் ஒரே வாசகம். துக்கத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிய விடைத்தாள்களைத் திருத்தும்போது டீச்சருக்கு வருமே, அந்தக் கோபம்.

குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கு அவர் தமிழாசிரியையாக வந்தபோது, நான் அங்கே தமிழ் நடத்தத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வினாத்தாளும் விடைக்குறிப்பும் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு காலாண்டுத் தேர்வில் நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்து, ‘மழையைக் கண்ட உழவரின் மனநிலை என்ன?’ என்று கேட்டிருந்தேன். விடைக்குறிப்பில் ‘மகிழ்ச்சி’. வகுப்பே அப்படித்தான் எழுதியது. செல்வி என்ற மாணவி மட்டும் ‘அழுதிருப்பார்’ என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன்.

செல்வியின் வகுப்பாசிரியை மல்லிகா டீச்சர். அந்த விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தார்.

“இந்தப் புள்ளைக்கு ஏன் சார் மார்க் இல்ல?”

“விடைக்குறிப்பப் பாருங்க டீச்சர்.”

“நான் பத்தியப் பாத்தேன். அறுத்த கதிரு வயல்லயே கெடக்குதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அது மேல மழை பேஞ்சா நெல்லு மொளச்சிராதா? உங்களுக்கும் வயல் இருக்குல்ல?”

இருந்தது. அதற்கு முந்தைய தையில்தான் அறுத்துப் போட்ட நெல் மழையில் முளைத்து, நானும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கதிர்களை அழகுக்காகப் பத்தியில் சேர்த்தவன், விடைக்குறிப்பு எழுதும்போது என் வயலையே மறந்துவிட்டேன். செல்வியின் அம்மா அறுப்பு வேலைக்குப் போகிறவர். அவள் மறக்கவில்லை.

“மார்க் போனாப் போவுது சார். இனிமே அவ யோசிச்சு எழுதமாட்டா. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் டீச்சர்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பத்தியைப் படித்துக்காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. எல்லோர் முன்னாலும் பூஜ்யத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டேன். செல்வி தாளை வாங்கி இரண்டு முறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த தேர்வை நாங்கள் இருவரும் சேர்ந்து தயாரித்தோம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, ‘எந்த வரி உங்களை அப்படி நினைக்க வைத்தது?’ என்று இன்னொரு கேள்வி. எதிரெதிரான இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம். வரியைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். பொதுத்தேர்வில் தேர்ச்சி குறைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கேட்டார். “நான் சொல்றேன் சார்” என்றார் டீச்சர். சொல்லவேண்டிய தேவை வரவே இல்லை. செல்வி அந்தத் தேர்வில், நான் வகுப்பில் சொன்ன கருத்தை மறுத்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். திருத்தும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவரை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் நாம் எல்லோரும் ‘சிறந்த ஆசிரியர்’ என்றோம். நானும் அதையேதான் எழுதுகிறேன், டீச்சர். எந்த வரி என்று கேட்பீர்கள். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.

செல்வியின் விடைத்தாளில், நான் அடித்த அந்தப் பூஜ்யம் இருக்கும் வரி.