கதவுக்குள் தண்ணீர் ஆடிய கார்

களக், களக். எங்கள் அம்பாசடர் கார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கதவுக்குள்ளிருந்து இந்தச் சத்தம் வரும். அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஓடினால் எப்படிக் கேட்குமோ அப்படி. உலகத்தில் உள்ள எல்லாக் கார்களின் கதவிலும் தண்ணீர் இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இளநீருக்குள் தண்ணீர் இருப்பதுபோல இதுவும் உள்ளேயே உருவாகி வருவது என்று நினைப்பு. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு வசதியான பையனின் காரில் ஒருநாள் ஏறி, கதவில் காதை வைத்துப் பார்த்து, சத்தமே வராததால், "உங்க வண்டில தண்ணி தீந்துபோச்சு, உங்கப்பாகிட்ட சொல்லி ஊத்தச் சொல்லுடா" என்று அக்கறையாகச் சொன்னவன் நான். அவன் போய்ச் சொல்லியும் இருக்கிறான். அதற்கப்புறம் அந்தக் காரில் என்னை ஏற்றவில்லை.

இப்பேர்ப்பட்ட அறிவாளிக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் அதே கார் சொத்தாக வந்து சேர்ந்து, அதைப் புதுப்பிப்பதா விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். திருவொற்றியூர் கடலோரத்தில் பைபர் படகு செய்கிற, அடிபட்டு வந்த படகுக்கு ஒட்டுப்போடுகிற 'ஷெட்டு' ஒன்றை அவர் வைத்திருந்தார். கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி, எல்லாரும் பைபருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். கண்ணாடி நாரால் ஆன துணியை விரித்து, அதன்மேல் 'ரெசின்' என்கிற பிசினைப் பிரஷ்ஷால் பூசினால், காய்ந்ததும் கல்லாகிவிடும். அந்த நெடி மூக்கில் ஏறினால் சாப்பாடு இறங்காது. நைனாவுக்கோ அதுதான் உலகத்தின் ஒரே மருந்து. அம்மாவின் பிளாஸ்டிக் குடம், நாற்காலிக் கால், மீன் கூடை எதுவானாலும் ஒரு துண்டு துணி, ஒரு கரண்டி ரெசின். பிய்ந்துபோன என் பள்ளிக்கூடச் செருப்புக்கும் அதே வைத்தியம் நடந்தது. செருப்பு பிழைத்துக்கொண்டது, ஆனால் நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே அதன் சத்தம் நுழைந்துவிடும்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சொந்த ஊருக்குத் திரும்பும்போது நைனாவிடம் விற்றுவிட்டுப் போன கார் அது. வந்த அன்றைக்கே நைனா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப் படகைச் சோதிப்பதுபோல அதன் அடியில் மல்லாந்து படுத்தார். வெளியே வந்தபோது முகம் செத்துக்கிடந்தது. தரைத் தகட்டில் ஓட்டை. கதவுகளின் அடிவிளிம்பில் வரிசையாக ஓட்டை. "இன்னா அநியாயம்டா இது! அடியில ஓட்ட போட்ட வண்டிய நம்ம தலையில கட்டிட்டு பூட்டாரே அந்த ஆபீசரு" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். வாழ்நாள் முழுக்கப் படகு பார்த்தவருக்கு, அடியில் ஓட்டை என்றால் ஒரே அர்த்தம்தான். பொழுது சாய்வதற்குள் ஓர் ஓட்டை மிச்சமில்லாமல் அடைத்துவிட்டு, படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டையும் மேலே ஒரு கோட் அடித்தார். தெரு அதைப் படகாகவே முடிவுகட்டி, 'நாலு சக்கர போட்டு' என்று பெயர் வைத்தது.

அந்த வருஷ மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றபோது, மற்ற வண்டிகளுக்குள் எல்லாம் வெள்ளம் புகுந்துகொள்ள, எங்கள் கார் மட்டும் உள்ளே சொட்டு ஈரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்துக்கோங்க, நல்லா பாத்துக்கோங்க" என்று நைனா அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் வண்டியின் பின்பக்கம் மெல்லத் தூக்கி, இடப்பக்கம் நகர்ந்தது. அது மிதந்தது என்று இன்றைக்கும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மழை விட்ட பின்னும் கதவுக்குள் களக் களக் ஓயவில்லை. என்ன சத்தம் என்று அம்மா கேட்டால், "டேங்கு ஃபுல்லா கீது, அதான்" என்பார் நைனா.

உப்புக் காற்றில் எங்கள் பக்கம் ஜன்னல் கம்பிகூட நாலு வருஷம் தாங்காது. காரில் எங்கே பொட்டளவு துரு தெரிந்தாலும் அங்கே துணி, ரெசின், பெயிண்ட். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் மண்டபத்துக்குப் போனதும் அதில்தான். என் அக்கா செல்வியும் அப்படித்தான் போனாள், ஓட்டியவர் நைனா.

போன வருஷம் நைனா போய்ச் சேர்ந்தார். கார் அதற்குப் பல வருஷம் முன்பே ஓட்டத்தை நிறுத்தி, ஷெட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. காரியத்தன்று பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, யாரும் ஒன்றும் கேட்காமலே நான் எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். அக்கா மகள் நித்யாவுக்கு நிச்சயமாகியிருந்தது. எங்களில் கல்யாணப் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போவது தாய்மாமன் கடமை. "இந்த வண்டிய புதுசாக்கி, நித்யாவ இதுலதான் இட்டுக்கினு போவேன். இது நைனா மேல சத்தியம்!" என்றேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா தலையில் கைவைத்து ஓவென்று அழுதாள். எவ்வளவு பாசம் பார், என்று நானும் அழுதேன்.

புளியந்தோப்பில் சலீம் பாய் என்று ஒரு 'தோஸ்து'. பழைய கார்களுக்குத் தகர வேலை பார்ப்பவர். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, "பொம்ம மாதிரி ஆக்கித் தரேன் மாமு" என்று தோளில் தட்டினார். அடுத்த வாரம் போன் வந்தது. "ஒண்ணும் பயப்படாத. கொஞ்சம் வந்து பாத்துட்டு பூடு." பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.

பாய் ஒரு காந்தத்தைக் கதவில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. பின்பக்கம் வைத்தார், விழுந்தது. வண்டியின் தரையில் வைத்தார், உருண்டது. சுரண்டி வைத்திருந்த இடத்தைக் காட்டினார். பெயிண்டுக்கு அடியில் பைபர், அதற்கு அடியில் இன்னொரு பைபர், அதற்கும் அடியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் காபிப்பொடி மாதிரி துரு.

"அந்த ஓட்டைங்க எதுக்குன்னு நெனச்ச? கண்ணாடி இடுக்குல எறங்குற மழத்தண்ணி வெளிய போவறதுக்கு வச்சது. உங்க நைனா அத்த அடச்சி வுட்டாரு. தண்ணி எங்க போவும்? உள்ளயே குந்திகினு இரும்ப துன்னுக்கினு இருந்திருக்குது. அது துன்னத் துன்ன இவரு ஒட்டிக்கினே வந்திருக்காரு. உங்க நைனா கார் ஓட்டல மாமு, கையாலயே கார் செஞ்சிருக்காரு."

"இப்ப இன்னா பண்ணலாம் பாய்?"

"புதுத் தகரம் வெட்டி மொத்தமா செய்யலாம். ஆனா இதெல்லாம் ஒடச்சிக் கடாசணும். உனக்கு மிஞ்சறது நம்பர் பிளேட்டு."

"அப்பிடியே ஓட்டுனா?"

"தாராளமா ஓட்டு. பொண்ணு பாதி வழியில எறங்கிடும், கதவு தொறக்காமயே."

நான் குனிந்து அந்த உரிந்த கதவைப் பார்த்தேன். பிரஷ் போன தடமெல்லாம் அப்படியே உறைந்திருந்தது. ஓர் ஓரத்தில், ரெசினுக்குள் ஒரு பீடித்துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. ரெசின் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் செருப்பால் அடிப்பேன் என்று ஷெட்டில் எல்லோரையும் மிரட்டியவர் அவர்தான். காரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் நைனாவைச் சுரண்டி எறிய வேண்டும். நைனாவை வைத்துக்கொண்டால் கார் இல்லை. சத்தியமோ அவர் மேலேயே செய்து தொலைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்ட 'பேஜாரு' சாமானியமானதல்ல. துறைமுகப் பக்கம் கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன்: எண்ணூர் சாலையில் வரிசையாக டிரெய்லர் லாரிகள், நடுவில் எங்கள் கார், கார் நகர்ந்துபோக, பட்டுப்புடவையோடு நித்யா மட்டும் தார்ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அக்கா போன் செய்தால் எடுக்கமாட்டேன். எடுத்தாலும், "கிரேன் சத்தம், ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிடுவேன். ஒருமுறை வீட்டுக் குளியலறையிலிருந்தே அப்படிச் சொல்ல, வெளியே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகரிலிருந்து அக்காவே வந்துவிட்டாள். தப்பிக்க வழியில்லை. அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என் விரல்களை முறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"க்கா, அந்த வண்டி..." என்றேன்.

"டேய், அந்த வண்டி..." என்றாள் அவளும்.

"நீ சொல்லுக்கா."

"கோச்சுக்காதடா. நைனா மேல சத்தியம் வேற பண்ணிட்ட. ஆனா என் பொண்ணு அதுல வேணான்டா. உன் கால்ல வேணாலும் வுழறேன்."

அவள் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள். ஐப்பசி மழை. தேரடி பக்கம் நைனா ஒரு திருப்பு திருப்பியிருக்கிறார். கதவுக்குள் சேர்ந்திருந்த தண்ணீர் மொத்தமும் உள்பக்க அட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் கொட்டிவிட்டது. "முகூர்த்தம் முடியறவரிக்கும் ஈரத்துலயே குந்திகினு இருந்தேன். பொண்ணுக்கு பயத்துல இன்னாமோ ஆயிடுச்சுன்னு மண்டபம் பூரா பேச்சு. உங்க மாமா இன்னிக்கி வரிக்கும் கிண்டல் பண்றாரு, தெரியுமா?"

"நைனாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிட்றா சொல்றது? முன்னாடி கண்ணாடில அவர் மூஞ்சி தெரிஞ்சிது. அவ்ளோ சந்தோஷமா ஓட்டிக்கினு போனாரு."

"அப்ப காரியத்தன்னிக்கு நீ அழுததெல்லாம்?"

"பின்ன? எனக்கு நடந்தது என் பொண்ணுக்கும் நடக்கப்போவுதேன்னு அழுதேன். அவ எப்பவோ ஏசி காருக்கு சொல்லி வச்சிட்டா. அத்த உன்கிட்ட யாரு சொல்றதுன்னுதான் வூட்டுல டெய்லி சண்ட. போன் பண்ணா நீ எடுக்க மாட்டேங்கற!"

பாய் கடையில் பார்த்ததை நான் சொன்னேன். பீடித்துண்டு வரை வந்ததும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சத்தியத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "நைனா வந்து கேட்டாருன்னா நான் பேசிக்கிறேன், நீ கம்முனு கெட" என்றாள் அக்கா. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்பாசடர் அந்த நிமிஷமே இறங்கிப் போனது. அன்று நான் சாப்பிட்ட வஞ்சிரக் குழம்புக்கு ருசியே வேறு.

பாய் காரைப் பிரித்துப் போட்டார். இன்ஜினை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டார், இரும்பு என்று மிஞ்சியது காயலான் கடைக்குப் போனது, பைபரைச் சீந்த ஆளில்லாமல் குப்பை வண்டியில் ஏற்றினோம். ஷெட்டு இருந்த இடத்தில் இப்போது கடலை மறித்துக் கொட்டிய கருங்கல்தான் கிடக்கிறது. தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது; கதவைச் சாத்தினால் மெத்தையைத் தட்டியதுபோல ஒரு சத்தம், அதோடு சரி. 'நாலு சக்கர போட்டு' என்று சொன்னால் சிரிப்பதற்கு எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம்.

கல்யாணத்தன்று நித்யாவை வாடகைக் காரில் முகத்துவாரக்குப்பத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். தாய்மாமனான நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மண்டபம் வரும்வரை பெண் பின்சீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.