மரீக்கவின் ஞாயிறும் ரபீக்கின் இறாலும்

நெதர்லாந்தின் உத்ரெக்டில் நான் இருக்கும் அடுக்குமாடியில், மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போடுவதென்றால் முதல் நாளே லிஃப்டுக்குள் ஒரு கடதாசி ஒட்டிவிடுவார். சனிக்கிழமை காலையில் கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். வந்த புதிதில் அதை வாசித்துச் சிரித்திருக்கிறேன். திருகோணமலையில் எங்கள் லிங்கநகரில் அடுத்த வீட்டில் கிணறு இறைக்கும் மோட்டரின் இரைச்சலுக்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இங்கே ஒருவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவதற்கும் ‘அஃப்ஸ்ப்ராக்’ வேண்டும், அதாவது முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை விஷயமாக ஒருவரை அழைப்பது கிட்டத்தட்ட அநாகரிகம். மெல்ல மெல்ல நானும் பழகிக்கொண்டேன். பிறருடைய நேரத்தை மதிக்கத் தெரிந்தவன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்துவிட்டது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, கிண்ணியாவில் ஒரு பின்னேரம், அந்தப் பெருமை போயிற்று.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தகங்கள் பாவிக்கும் ஒரு மென்பொருளின் தரவுத்தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கு என்ன மருந்து, எந்த அளவு, வேறு எந்த மருந்தோடு சேராது என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்தக் கணினிகளை நான் கண்ணால் கண்டதில்லை. ஜெர்மனியில் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் வாடகைக்கு ஓடுகின்றன. அவை களைக்காமல் ஓடுகின்றனவா, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த வேலையில் என்னுடன் இருப்பவள் மரீக்க என்ற ஒல்லாந்துப் பெண். நான் செய்யும் எல்லாவற்றையும் அவளாலும் செய்ய முடியும்.

விமானம் ஏறுவதற்கு முன் அவசரத்தில் ஒரு தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுப் போனேன். எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் வார இறுதியில் திறந்திருக்கும் மருந்தகங்களுக்கென்று தனியாக ஒரு தேடல் இருக்கிறது. அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஞாயிறு மத்தியானம் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அலறத் தொடங்கியது. அந்தத் தேடலுக்கு வேண்டிய இன்டெக்ஸ், புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்ற ஒன்று, பழுதாகிவிட்டிருந்தது. ஒரு நோயாளியின் பெயரைத் தேட, கணினி முழு அட்டவணையையும் முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தது. இணைப்புகள் நிரம்பி, புதிதாக வருகிற ஒவ்வொன்றும் வெளியே காத்து நின்றது. அங்கே மருந்தகங்களில் காய்ச்சல் பிள்ளைகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மடிக்கணினியைத் திறந்த கையோடு கரண்ட் போனது. முதல் நாள் காற்றில் சாய்ந்திருந்த மரம் எங்கோ முறிந்து லைனில் விழுந்துவிட்டதாம். கைபேசியிலும் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. மரீக்கவுக்கு ஒரு அழைப்பு எடுப்பதற்கு அது போதும். அவளுடைய பெயரைத் திரையில் எடுத்தும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, பாவம், ஓய்வு நாள் என்று மூடிவிட்டேன். பிறகு ஒரு முறைகூட யோசிக்காமல் ரபீக்கை அழைத்தேன்.

ரபீக்கும் நானும் திருகோணமலையில் ஒரே டியூட்டரியில் உயர்தரம் படித்தவர்கள். இப்போது அவன் கிண்ணியாவில் மீனவர்களிடம் இறால் வாங்கி, குளிரேற்றி, கொழும்பு லொறிக்குக் கொடுக்கிறான். அவனிடம் ஜெனரேட்டரும் இருக்கிறது, ஃபைபர் இணைப்பும் இருக்கிறது.

“இதுக்கெல்லாம் கேக்கிறதா மச்சான்? வா,” என்றான்.

ஆட்டோ பிடித்துச் சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் கடந்து போய்ச் சேர்ந்தேன். அங்கும் கரண்ட் இல்லை, எல்லாம் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. இறால் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகம். கதிரையைத் துடைத்து என்னை இருத்திவிட்டு அவன் வெளியே போனான். நான் இன்டெக்ஸைத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். பெரிய அட்டவணை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் கட்டியதெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் நடந்தது. பக்கத்து அறையில் ஃப்ரீசரின் கொம்பிரசர் உறுமிக்கொண்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கி, ரவுட்டர் அணைந்து அணைந்து எரிந்தது.

“என்ன மச்சான், லைன் நிக்குதில்லையா?” என்று ரபீக் எட்டிப் பார்த்தான்.

“ஓம்டா. ஒவ்வொரு முறையும் விழுது.”

அவன் திரும்பிப் போனான். சற்று நேரத்தில் கொம்பிரசரின் சத்தம் நின்றது. அதன்பின் விளக்கு மங்கவே இல்லை. சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. ‘அப்பாடா’ என்று நினைத்தேன். ஏன் நின்றது என்று கேட்கவில்லை.

ரபீக்கின் மனைவி நஸ்லியா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் நின்றாள். “இன்னும் கனநேரம் செல்லுமா?” என்று கேட்டாள்.

“அரை மணித்தியாலம், அவ்வளவுதான்,” என்றேன். வேலையிடத்தில் யாராவது கேட்டால் சொல்வதுபோல, திரையிலிருந்து கண் எடுக்காமல். அது உபசரிப்புக் கேள்வி என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலம் பல மடங்காக நீண்டது.

ஒருவழியாக இன்டெக்ஸ் கட்டி முடிந்தது. காத்து நின்ற இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மருந்தகங்கள் வேலை செய்யத் தொடங்கின. கணினியை மூடிக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்தேன். வாசலில் லொறி நின்றது. லொறிக்காரர் தெர்மக்கோல் போன்ற ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு இறாலை எடுத்துத் தலையை விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா, தலை கறுத்துட்டு. உடம்பும் மெத்தண்டு இருக்கு. இத நான் ஏத்த ஏலாது,” என்றார் ரபீக்கிடம். அங்கே அண்ணனை ‘நானா’ என்றுதான் அழைப்பார்கள்.

“ஐஸ் பக்டரியிலயும் கரண்ட் இல்ல. அதான்,” என்றான் ரபீக்.

லொறி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. காலையில் வந்த இறால் முழுவதும் அந்த அறையில் அப்படியே கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. “ஃப்ரீசர எனக்காகவா நிப்பாட்டினாய்?” என்று கேட்டேன்.

“ரெண்டும் சேந்து ஓடாது மச்சான். நீ மருந்து விஷயம் எண்டாய். இறாலா பெருசு?”

“இந்த நட்டத்த நான் தாறன்.”

அவன் முகம் மாறியது. “காசக் கதைக்காத. கதைச்சா இனி இந்த வாசலுக்கு வராத.”

மீனவர்களுக்குப் பேசிய விலையை அவன் குறைக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். கெடாமல் தப்பியதில் கொஞ்சத்தை நஸ்லியா கறி வைத்தாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று இருத்திப் பரிமாறினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

உத்ரெக்டுக்குத் திரும்பியதும் வேலையிடத்தில் இதற்கொரு மீளாய்வுக் கூட்டம் வைத்தார்கள். இந்தத் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தவறு எப்படி நடந்தது என்று பேசுவோம், யார்மீதும் குற்றம் சுமத்தமாட்டோம். ‘பாதிப்பு’ என்ற தலைப்பின் கீழ், சில மருந்தகங்களில் தாமதம், வேறு இழப்பு இல்லை என்று மேலாளர் எழுதியிருந்தார். இழப்பு இருந்தது என்று சொல்லத் தொடங்கினேன். என் டச்சு மொழி அரைகுறை. நண்பன், வேலை, ‘கார்னாலன்’ என்று ஏதோ சொன்னேன். கார்னாலன் என்றால் இறால். மேலாளரின் முகம் மலர்ந்தது.

“நண்பர் இறால் விருந்து வைத்தாரா? அருமை! உன் செலவென்றால் பற்றுச்சீட்டை அனுப்பு, நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லையே, சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தேன்.

கூட்டம் முடிந்து கோப்பி எடுக்கும் இடத்தில் மரீக்கவிடம் ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“என்னை ஏன் கூப்பிடவில்லை?”

“ஞாயிற்றுக்கிழமை அல்லவா.”

“அன்று இங்கே மழை. சும்மா வீட்டில் இருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் உடனே செய்திருப்பேன். நீ கேட்கவே இல்லையே,” என்றாள். அவளுக்கும் மனம் நொந்துவிட்டது என்று தெரிந்தது.

என்னைப்போல் வந்து குடியேறியவர்களிடமும், ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களிடமும் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். மரீக்கவின் நேரத்துக்கு நான் கொடுத்த மதிப்பில் பாதி, அநாகரிகமானவன் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம். ரபீக்கின் நேரத்துக்கு, அவனுடைய ஜெனரேட்டருக்கு, அவனுடைய இறாலுக்கு என்னிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. நெருக்கம் என்றால் கேட்காமல் எடுத்துக்கொள்வது என்றே இத்தனை காலமும் வைத்திருந்தேன். எடுத்தது எப்போதும் நான்தான் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் மறுபடி ஊருக்குப் போவதாக இருக்கிறேன். அந்த நாட்களில் யார் பொறுப்பு என்று காணொளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ரபீக்கின் அழைப்பு வந்தது. வேறு நாளென்றால் வெட்டிவிட்டிருப்பேன். அன்று கூட்டத்தை ஒரு காதில் விட்டபடி மற்றக் காதில் கைபேசியை வைத்தேன்.

“மச்சான், ரவுட்டருக்கு எண்டு தனியா ஒரு பட்டரி வாங்கிப் பூட்டிட்டன். இனி ஃப்ரீசர நிப்பாட்டத் தேவையில்ல. நீ வந்து ஆறுதலா இருந்து வேல செய்யலாம். நஸ்லியாவும் கேட்டவ, எப்ப வருவார் எண்டு. இஞ்ச வருவாய்தானே?”

மற்றக் காதில் மரீக்க சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தக் கிழமை முழுவதும் தானே பார்ப்பதாக, நான் கணினியைக் கொண்டுபோகவே வேண்டாம் என்று. “சரிதானே?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன்.

யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.