மொய் வாங்கிய படம்

நான் எடுத்த ஒரே படத்தைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். திட்டினால் பரவாயில்லை. திட்டுகிறவன் காசு கொடுத்துப் பார்த்திருப்பானோ என்றாவது ஒரு சந்தேகம் வரும். "சூப்பரா எடுத்திருக்கீங்க சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறவனிடம்தான் எனக்குப் பேச வாய் வருவதில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கவும் மாட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

தொழில் தெரியாமல் இறங்கியவன் என்று என்னைச் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். 1993இல் எனக்குக் கிடைத்த முதல் வேலையே திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில்தான். தியேட்டர்காரர் கொடுத்த வேலை அல்ல. படத்தை வாங்கி வெளியிடும் விநியோகஸ்தரின் ஆள் நான். ரெப் என்பார்கள். விற்ற டிக்கெட்டைத் தியேட்டர்காரர் குறைத்துக் காட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் ரெப்பின் பிழைப்பு. காட்சி தொடங்கியதும் உள்ளே போய்த் தலைகளை எண்ணி, கவுண்டர் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். தலை கூடுதலாக இருந்தால் சண்டை போட வேண்டும். சண்டை முடிந்ததும் அதே மேனேஜரோடு டீ குடிக்க வேண்டும். படம் ஓடினால் இரண்டு தரப்பும் பங்கு பிரித்துக்கொள்ளும், ஓடாவிட்டால் இரண்டு தரப்பும் நடிகனைத் திட்டும். எப்படியானாலும் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு படப்பெட்டி வந்து இறங்கிவிடும்.

பிறகு சிடி வந்தது. தியேட்டரில் தலைகள் குறைந்தன, எண்ணுவதற்கு ஆள் எதற்கு என்று என்னையும் நிறுத்திவிட்டார்கள். சொந்த ஊரான விழுப்புரத்துக்கே திரும்பி வந்து கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தேன். மற்றவர்கள் தாலி கட்டுவதையும் மோதிரம் மாற்றுவதையும் பல வருஷம் படம் பிடித்தவனுக்கு, நாமும் ஒரு படம் எடுத்தால் என்ன என்ற புத்தி வராமல் இருக்குமா? கேமரா மலிவாகிவிட்டது, ஃபிலிம் வாங்கத் தேவையில்லை, படப்பெட்டியும் கிடையாது. கரும்பு வெட்டப் போகிற ஒரு குடும்பத்தின் கதையை எழுதி, நானே இயக்கினேன். பணம் போட்டது என் அக்கா.

அக்கா வளவனூரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா இறந்த பிறகு நெல்லும் கரும்பும் அவளே பார்த்துக்கொண்டாள். ரோட்டோரமாக அவளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை மனை போட்டு விற்பவர்களுக்கு விற்று, பணத்தை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து என் வீட்டுக் கட்டிலில் வைத்தாள். எழுத்து எதுவும் கேட்கவில்லை. "நீ ரெப்பா இருந்தவன். உன்னை எவனும் ஏமாத்த முடியாதுடா" என்றாள். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தபோது கணக்கு தலைகீழாக மாறியிருந்தது. எங்கள் மாதிரிச் சின்னப் படத்துக்குத் தியேட்டரில் காசு வராது, நாம்தான் தியேட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். வாடகை தனி, திரையில் படத்தைப் போட்டுக் காட்டும் கம்பெனிக்குத் தனி, போஸ்டர் தனி. பிறகு எதற்குத் தியேட்டர் என்றால், வேறு இடத்தில் விற்பதற்கு. இணையத்தில் காசு கட்டிப் படத்தை இறக்கிப் பார்க்கும் ஏற்பாட்டைச் சென்னையில் ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தது. அவர்களுக்கு என் படம் பிடித்திருந்தது. அக்கா போட்டதில் பெரும்பகுதி திரும்பி வருகிற மாதிரி ஒரு தொகையும் பேசினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இத்தனை தியேட்டரில் ஒரு வாரம் முழுதாக ஓடியிருக்க வேண்டும். தியேட்டரைத் தாண்டாத படத்தை யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. அலைந்து திரிந்து அந்த எண்ணிக்கையைச் சரியாகப் பிடித்தேன். கூடுதலாக ஒரு தியேட்டர்கூடக் கையில் இல்லை.

திண்டிவனத்தில் பகல் பதினொன்றரை மணிக் காட்சி மட்டும் கொடுத்தார்கள். மற்ற காட்சியெல்லாம் பெரிய நடிகரின் படம். "பதினஞ்சு டிக்கெட்டாவது போவணும் சார், இல்லன்னா ஷோ கேன்சல்" என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். வெள்ளியும் சனியும் குறைந்த டிக்கெட்டை நானே வாங்கி ஒப்பேற்றினேன். தலைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்ற அதிசயத்தை என் ரெப் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவலை இல்லை. அக்கா சொந்தபந்தங்களையெல்லாம் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வேனில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். எப்படிக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. பத்திரிகை அடித்து, வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் புதுநன்மை விருந்துக்கு அழைப்பது போல அழைத்திருக்கிறாள். எங்கள் கோயில் ஆட்கள் மட்டுமல்ல, பக்கத்து நிலத்துக்காரர்கள், கரும்பு லாரிக்காரர் குடும்பம் என்று யாரையும் விடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வந்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்றுதான் அர்த்தம். அவர்கள் முறைப்படி வந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, கவரில் மொய் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் மேலே ஆபரேட்டர் அறையில் இருந்தேன். அன்றைக்குப் படத்தைத் திறக்க, திரையில் காட்டும் கம்பெனி அனுப்ப வேண்டிய பாஸ்வேர்டு வரவில்லை. சென்னைக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டு வந்து, நான் நிம்மதியாகக் கீழே இறங்கியபோது வாசலில் திருவிழாக் கூட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் கவரை வாங்கி மடியிலிருந்த பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டில் நின்றவன் ஒரு பெரியவரை மறித்து டிக்கெட் கேட்டான்.

"அதான் மொய் வெச்சாச்சே! அப்புறம் இன்னா டிக்கெட்டு?" என்றார் அவர்.

ஒருவர்கூடக் கவுண்டர் பக்கம் போகவில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு யாராவது டிக்கெட் வாங்குவார்களா? நான் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே வேறு கூட்டம் நின்றது. பெரிய நடிகரின் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காதவர்கள். பதினொன்றேகால் வரை என் படத்துக்கு விற்றது நாலே டிக்கெட். மேனேஜர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காட்சியையும் பெரிய படத்துக்குத் திறந்துவிட்டிருந்தார். போர்டு மாறியிருந்தது.

"அத்தனை பேரும் என் படத்துக்கு வந்தவங்க சார். இப்பவே மொத்த டிக்கெட்டையும் நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"வித்துப்புட்டேன் சார். குடுத்த டிக்கெட்ட புடுங்கினா ஸ்கிரீனக் கிழிச்சிடுவானுங்க. வாசல்ல ஜனம் இருக்குது, கணக்குல இல்லியே. நான் இன்னா பண்றது?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அக்காவுக்கு விஷயம் புரிய நேரமானது.  புரிந்ததும், வந்த ஜனத்தைச் சும்மா அனுப்பக் கூடாது என்று படம் முடிந்ததும் கொடுக்க வேனில் கொண்டுவந்திருந்த பிரியாணிப் பொட்டலத்தைச் சைக்கிள் ஸ்டாண்டிலேயே எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னாள். நின்றபடியே சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, பாதிப் பேர் வேனில் ஏறினார்கள். மீதிப் பேர், இவ்வளவு தூரம் வந்தாச்சு என்று, மத்தியானக் காட்சிக்கு எப்படியோ டிக்கெட் பிடித்துப் பெரிய நடிகரின் படத்துக்குப் போய்விட்டார்கள். சொந்தக் காசில். என் சித்தப்பா மகன் கையாட்டிவிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை என் படத்தைத் திண்டிவனத்தில் எடுத்துவிட்டார்கள். விழுப்புரத்தில் வியாழன் வரைக்கும் ஓட்டினேன். காலி நாற்காலிகளுக்கு நானே டிக்கெட் வாங்கினேன். ஒரு தியேட்டர் குறைந்ததால் பயனில்லை. சென்னைக் கம்பெனியின் ஏசி அறையில் என்னைவிடப் பாதி வயதுப் பையன் ஒருவன் காபி வரவழைத்துக் கொடுத்து, "ரன் கம்ப்ளீட் ஆகலையே சார், எங்க கையில எதுவும் இல்ல" என்றான். படம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். அன்று வாங்கிய மொய்யை அக்கா இன்றுவரை ஒவ்வொரு வீட்டு விசேஷமாகப் போய்த் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு படம் ஓட ஆரம்பித்தது. வாங்குவார்களா என்று பார்க்க நான் பல பேருக்குக் கொடுத்திருந்த டிஸ்க்குகளில் எது நழுவியதோ, திருட்டுத் தளம் ஒன்றில் இலவசமாக வந்துவிட்டது. தியேட்டரைத் தாண்டாத படத்தை யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள் என்றார்களே, ஊரே இறக்கியது. பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். கடைக்காரனுக்கு அதற்குக் கூலி உண்டு. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போன பெண்கள் மதியச் சோற்று வேளையில் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்களாம். திண்டிவனம் வாசலிலிருந்து திரும்பிப் போன சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் பார்த்துவிட்டு, போன் போட்டு அழுதார்கள். உருக்கிவிட்டாயாம்.

ஒரு நாள் அக்கா விழுப்புரத்துக்கு வந்தாள். வழக்கமாக வந்ததும் அடுப்படிக்குப் போய் என் மனைவியோடு பேசுகிறவள், அன்றைக்குக் கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"பஸ்ல என் பக்கத்துல ஒரு பையன் உன் படத்ததான் பாத்துக்கினு வந்தான்டா. கோயில்ல, ரேஷன் கடையில, எங்க போனாலும் அந்தப் பேச்சுதான்."

"ஆமாங்க்கா."

"எனக்கு லாபம் வேணாம். நான் போட்டத மட்டும் குடுத்துடு. என் சின்னப் பொண்ணு காலேஜுக்குப் போவணும்."

  திருட்டுத் தளம் என்றால் என்ன, அதில் யாரும் காசு கட்டுவதில்லை, கட்டினாலும் எனக்கு வராது என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன்.  என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும் அக்கா கேட்டாள்.

"பொட்டிக்கடையில ஒரு மிட்டாய் எடுத்தாலும் காசு கேக்கறான். ஊரே உன் படத்த பாக்குது. உனக்கு ஒத்த ரூபா வர்லன்னு என்கிட்டயே சொல்றியாடா?"

"சத்தியமா வரலக்கா."

"சத்தியம்லாம் பண்ணாத. நீ ரெப்பா இருந்தவன். உன்னை எவன் ஏமாத்துவான்?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது என் மனைவி அந்தக் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். படத்துக்காக நான் பட்ட அத்தனையும் கூடவே இருந்து பார்த்தவள். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமாவே உங்களுக்கு ஒண்ணும் வர்லீங்களா?"