கோயிலுக்கு வைத்த ரவை

லண்டன் மனோர் பார்க்கில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால் குந்தியிருந்து, நான் சிகரெட் தாளில் தோட்டா சுற்றுகிறவன். சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பியவர்கள் அதன் பிறகு வீட்டுக்கு வருவதில்லை.

பழைய காலத்து ஆறுகுண்டுக் கைத்துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. உரிமத்தோடு, மாடியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குப் பித்தளைத் தோட்டா கிடையாது. கறுப்பு வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் மெல்லிய தாளில் பொட்டலமாகச் சுற்றித்தான் உள்ளே இறக்க வேண்டும். மருந்து கொஞ்சமாகத்தான் போடுவோம். மிச்ச இடத்தை நிரப்புவதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுடப் போகும் கிளப்பிலிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர்கள் பாவிப்பது ரவை. உப்புமா கிண்டுகிற அதே ரவைதான். இதை முதன்முதலாகக் கேட்டபோது, நான் பிறந்ததே இந்தக் கிளப்பில் சேரத்தான் என்று எனக்குப் பட்டது. சுட்டதும் அவர்களுக்குக் கந்தகம் மணக்கும். எனக்கு மட்டும் உப்புமா மணக்கும்.

வெடிமருந்து கிளப்பிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. ஆனால் என் பொட்டலங்களுக்கு அவிழ்ந்துபோகிற சுபாவம் உண்டு. ஆகவே கை பழகுவதற்காக வீட்டில் வெறும் ரவையை மட்டும் போட்டு ஐம்பது, அறுபது என்று சுற்றிவைப்பேன். நான் தாள் வாங்குகிற தமிழ்க்கடைக்காரர் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, ஏதும் பிரச்சினை எண்டால் என்னோட கதையுங்கோ" என்றார். நான் கஞ்சா குடிக்கிறேன் என்று மனோர் பார்க்கில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மற்றப் பாதிக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

உரிமத்துக்கு ஐந்து வருடம் ஆயுள். அது முடிகிறபோது பொலிசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, கேள்வி கேட்டு, திருப்தியானால்தான் புதுப்பிப்பார்கள். என் உரிமம் முடிகிற நாளும் வந்தது. அந்தத் துப்பாக்கி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிளப் இல்லை. கிளப் இல்லையென்றால் பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபுகுதல் எல்லாவற்றுக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், மண்டபத்தில் மூன்று மணி நேரம் பசியோடு குந்தியிருக்க வேண்டும். இது ஒரு காரணம். மற்றதையும் மறைக்காமல் சொல்கிறேன். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். இந்தக் கிழட்டுத் துவக்கில் முதல் வெடி வைத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆறாவது வெடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை விட எனக்கு மனமில்லை.

வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மண்ணிறத் தோல், சுத்தமான லண்டன் ஆங்கிலம். என் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொரீசியஸ் பிள்ளை போல" என்று அவர் முன்னாலேயே எனக்குத் தமிழில் அறிவித்தாள். அந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார், பூட்டை ஆட்டிப் பார்த்தார், கீழே வந்து இருந்து எழுதத் தொடங்கினார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போது தோர்ண்டன் ஹீத்திலிருந்து மனைவியின் தங்கை போன் எடுத்தாள். மனைவி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். சனிக்கிழமை கோயிலில் எங்கள் குடும்பத்து உபயம். கேசரி எங்கள் பொறுப்பு.

"அக்கா, ரவை இருக்குதுதானே?"

"இருந்தது. கோயிலுக்கெண்டு எடுத்து வைச்ச ரவையை மாசக்கணக்கா இந்த மனுசன் தாளுக்குள்ளை சுத்தி முடிச்சுப்போட்டுது. இருநூறு பேருக்குப் போடோணும். இனி நான் எங்கை போக?"

"அத்தான் மருந்து ஒழுங்கா எடுக்கிறாரோ?"

"மருந்து இஞ்சை குசினியிலைதான் கிடக்கு, சீனிப் போத்தலுக்குப் பின்னாலை. சொன்னாலும் கேக்கமாட்டார்."

அவள் சொன்னது பிரஷருக்கு நான் விழுங்கும் குளிசையை. எதிரே இருந்த பேனா நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தில் இரத்தமே இல்லை. மெதுவாக எழுந்து குசினி வாசலுக்குப் போய், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"அன்ரி, அந்த ரவையை நான் பாக்கோணும். மருந்தையும்."

மனைவியின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. மொரீசியஸ் தமிழ் பேசும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

குளிசைப் பெட்டியைப் பார்த்தார். ரவைப் பேணியின் அடியில் மிஞ்சியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது செமொலினா" என்றார்.

"ஓம், ரவை" என்றாள் மனைவி.

"எங்கட வீட்டிலை அம்மா செமொலினா எண்டுதான் சொல்லுவா. ரவை எண்டால் தமிழ் நியூசிலை..." என்று இழுத்தவர், முடிக்காமல் நிறுத்திவிட்டார். துப்பாக்கி ரவைகள் மீட்பு, ரவைகளுடன் இருவர் கைது என்று எங்கள் செய்திகளில் தோட்டாவைச் சொல்வார்கள்தான். அந்தப் பிள்ளையின் காதில் நாங்கள் சனிக்கிழமை கோயிலில் இருநூறு பேரைப் போடுவதற்குத் திட்டம் தீட்டியிருக்கிறோம்.

அதற்குப் பிறகும் விடவில்லை. குளிர்ப்பெட்டியின் மேலிருந்த தட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் பொட்டலங்களை ஒவ்வொன்றாகச் சோசரில் கிழித்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டு பொட்டலங்கள். வாழ்நாளில் ஒருநாளும் அவ்வளவு இறுக்கமாக நான் சுற்றியதில்லை. பத்தாவதிலேயே வெறும் ரவைதான் என்று தெரிந்திருக்கும். கடைசி வரைக்கும் கிழித்தார். கடமை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

பிறகு, மனைவியோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார். ஐந்து வருடத்துக்கு முன் வேறொருவர் வந்து பார்த்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். இந்த முறை வசமாக மாட்டிக்கொண்டேன். கோயில் ரவையைத் திருடியவனுக்கு அவள் என்ன சான்றிதழ் கொடுப்பாள் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கதவில் காதை வைத்தேன்.

"வீட்டிலை துவக்கு இருக்கிறது உங்களுக்குப் பயமா, அன்ரி?"

தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, துவக்கு வைச்சிருந்த ஆக்களை நான் ஊரிலை கண்டனான். வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழை போயிடுவன். இவர் முதல் முதல் இதைக் கொண்டு வந்த அண்டைக்கு எனக்கு நித்திரை இல்லை. ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க இல்லை. பிறகு பாத்தால், ஆறு வெடி வைக்கிறதுக்கு மனுசன் ரெண்டு நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் சுத்துது. அதுவும் அவிழ்ந்து போகுது. இந்த மனுசனுக்கு ஆர் பயப்பிடுவினம்? நீங்கள் குடுங்கோ. கோயில் ரவையிலை கை வைக்கக்கூடாது எண்டு மட்டும் அதிலை எழுதிவிடுங்கோ."

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். உரிமம் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிழமை அவள் நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியாது. அந்த ஒரு கிழமையும் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டவன் நான். எந்தத் தாள் நல்லது, எந்தப் பசை ஒட்டும் என்று ஐந்து வருடமாக அவளோடு கதைத்திருக்கிறேன். பயமா என்று ஒரு தடவை கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை போனபின் குசினிக்குப் போனேன். அவள் சோசரில் இருந்த ரவையைச் சுளகில் கொட்டித் தாள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உமக்குப் பயமா இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்பவெண்டாலும் கேட்டுட்டீங்கள்" என்றாள். பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்துவிட்டாள். நானும் இருந்து பொறுக்கினேன்.