நான் ஓகே சொன்ன துளை

ராணுவத்துக்கென்று ஒரு புதுத் துப்பாக்கியைச் சோதனைக்காகச் செய்தபோது, அதன் நடு உடம்பு ஒரகடத்தில் எங்கள் ஷெட்டில்தான் தயாரானது. நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தெற்கே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவனுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. எல்லையில் நிற்கிறவன் கையில் இனி என் துப்பாக்கிதான் என்று ஊருக்குப் போன் போட்டு அளப்பேன்.

அதில் துளை போடும் மெஷினை ஓட்டியவர் பக்கத்துக் கிராமத்து அக்கா. பல வருடம் கான்ட்ராக்டில் உழைத்தவர், பெர்மனன்ட் ஆர்டருக்குக் காத்திருந்தார். முதல் பீஸை என்னிடம் காட்டி ஓகே வாங்கிய பிறகே மற்றதை ஓட்டுவார்.

துளையை அளக்கும் கேஜுக்கு இரண்டு முனை. ஒன்று துளைக்குள் போக வேண்டும். மற்றது போகக்கூடாது, போனால் துளை பெரிசு. ஆயுத பூஜைக்கு அந்தக் கேஜுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். லீவு முடிந்து வந்து துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அளந்தேன். போகக்கூடாத முனை போகவில்லை. ஓட்டுங்கக்கா என்றேன்.

சோதனையில் துப்பாக்கி சிக்கிச் சிக்கி நின்றது. துளை பெரிசு என்று பீஸ்கள் திரும்பி வந்தன. கேஜை எடுத்துப் பார்த்தால், அந்த முனையில் காய்ந்த சந்தனம் மெல்லிசாக ஒட்டியிருக்கிறது. அந்தத் தடிப்பால்தான் பெரிய துளைக்குள்ளும் அது போகாமல் நின்றிருக்கிறது. யாரும் பார்க்கும்முன் தின்னர் தொட்டுத் துடைத்தேன். முதல் பீஸ் சரியாக இருந்தது, பிறகு ஆபரேட்டர் செட்டிங்கை மாற்றியிருக்கிறார் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு!

அக்காவை நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கியையும் கடைசியில் ராணுவம் எடுக்கவில்லை. எடை, விலை என்று வேறு பல காரணம் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வருடம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். ஏதோ ஹாஸ்டலில் பெருக்கித் துடைக்கும் வேலையாம். நழுவப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார்.

“எவ்ளோவோ யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. நீ ஓகே சொன்னப்புறம் நான்தான் எதையோ தொட்டுக்கீறேன். என்னால உனுக்கும் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காத.”

சொல்லியிருக்கலாம். பஸ் வர இன்னும் நேரமிருந்தது.

“விடுங்கக்கா, தப்பு எல்லாருக்கும் வரத்தான் செய்யும்” என்று சொல்லி, அவரை மன்னித்து பஸ் ஏற்றிவிட்டேன்.